புகைபோக்கிக்குள் சொருகிய உத்திரம்

பிள்ளைகளே, கொத்தனாராக இருந்தவன் ஏன் ரயில் தண்டவாள வேலைக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கட்டிய வீடுதான் காரணம்.

துரையிடம் சீமையில் அவர் பிறந்த கிராமத்து வீட்டின் படம் இருந்தது. அவருடைய பாட்டனாருக்கும் பாட்டனார் காலத்து வீடாம். கறுத்த மரச்சட்டங்கள் வெளியே தெரியும். இடையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. செங்குத்தான கூரை, சின்னச் சின்னச் சன்னல்கள். கூடத்து நடுவே ஆள் நுழையும் அளவுக்கு, குளிர்காய ஓர் அடுப்பு. அதன்மேல் கூரையைத் தாண்டிப் போகும் செங்கல் புகைபோக்கி. இங்கேயும் அப்படியே வேண்டும் என்றார். வராந்தாகூட வேண்டாமாம்.

மாடியைத் தாங்கும் பெரிய உத்திரத்தின் ஒரு முனை அந்தப் புகைபோக்கியில் உட்கார வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையில் வருஷக்கணக்கில் கிடந்தவன் நான். நெருப்போரம் மரம் வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். செங்கலை வெளியே நீட்டிக் கட்டி, அதன்மேல் உத்திரத்தை வைக்க வேண்டும். இரண்டு நாள் கூடுதல் வேலை.

தச்சர் சிரித்தார். "வெந்து சாகிற ஊர்ல எவன் அண்ணே கூடத்துல நெருப்பு மூட்டுவான்? இது பொம்மை அடுப்பு. சொருகிட்டு வாங்க, போவோம்."

நானும் சிரித்தேன். முனையைப் புகைபோக்கிக்குள்ளேயே சொருகிப் பூசிவிட்டேன்.

வீடு முடிந்ததும் உங்கள் அம்மாவுக்கு அங்கேயே ஆயா வேலை கிடைத்தது. துரையின் குழந்தையோடு மாடியில் படுக்க வேண்டும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "துணியெல்லாம் பூசணம் பூக்குதுன்னு துரைசானி தினமும் அடுப்பை மூட்டுறாங்க. மாடிச் சுவரு கதகதன்னு இருக்கு. புள்ள அதை விட்டு நகர மாட்டேங்குது."

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு மழையிலேயே துரை வீட்டுக்கு ஓடினேன்.

"நெருப்பை அணைக்கச் சொல்லுங்க தொரே" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்சா செஞ்சே?"

"தெரிஞ்சுதான் தொரே."

அடுப்பு ஆறியதும் நானே சுவரை உடைத்தேன். உத்திரத்தின் முனை ஒரு சாண் நீளத்துக்குக் கரி. விரல் பட்டதும் உதிர்ந்தது. துரை திட்டவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றார். அதன்பின் அந்தப் பக்கத்தில் யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை.

உங்கள் அம்மா எனக்குப் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். திரும்பும் வழியில்தான் கேட்டாள்.

"அந்த அறையிலதான் நான் படுக்கறேன்னு தெரியும்ல உங்களுக்கு?"

"அடுப்பு மூட்டுவாங்கன்னு தெரியாதே."

"அதை நான் கேக்கலை."

நான் முன்னால் நடந்தேன். உங்களிடமாவது ஒளிக்காமல் எழுதுகிறேன்: தெரியும். கட்டியதைத் திரும்பப் பிரிக்க வேண்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.