எட்டு மணி நேரக் கணக்கு

என் சகலைக்கு எல்லோரும் வைத்த பெயர் கடிகாரம். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர். காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் ஏழுக்கெல்லாம் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பள்ளி வாசலில் இறங்கிவிடுவார்கள். பதினோரு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

குடிப்பான். இனி அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஞாயிற்றுக்கிழமை மட்டும், என் வீட்டு மாடியில். அக்காவை நான் கட்டினேன், தங்கையை அவன் கட்டினான். அக்கா தங்கை இருவரும் கீழே உட்கார்ந்து எங்களைத் திட்டுவார்கள். நாங்கள் மேலே உட்கார்ந்து நல்ல பிள்ளைகளாகத் திட்டு வாங்கிக்கொள்வோம். ஊற்றுவது எப்போதும் நான்தான்.

ஆனால் அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. "கடைசி வாய்க்கும் சாவிக்கும் நடுவுல எட்டு மணி நேரம்." இரவு பத்து அடித்தால் போதும், பாதி தம்ளர் மிச்சமிருந்தாலும் பூந்தொட்டியில் கொட்டிவிடுவான். இந்தச் சட்டத்தை எங்கே படித்தான், யார் சொன்னார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மற்ற ஓட்டுநர்களுக்கும் அதுவே வேதவாக்கு ஆனது. எட்டு மணி நேரத்தை எண்ணத் தெரிந்த எங்களுக்கு, அதற்கு முன்னால் உள்ளே போனதை எண்ணத் தோன்றவில்லை. அறிவு கெட்டவர்கள். நானும்தான்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளி வாசலில் போலீஸ் நின்று ஒவ்வொரு ஓட்டுநரையும் ஊதச் சொன்னது. ஒருத்தனுக்குத் திடீரென்று வயிற்றுவலி. இன்னொருத்தன் டயரைக் குனிந்து பார்த்தவன் நிமிரவே இல்லை. இவன் மட்டும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையை முந்திப் போனான்.

"என்னை முதல்ல ஊதச் சொல்லுங்க சார். பிள்ளைங்களுக்கு பெல் அடிச்சிடும்."

ஊதினான். மெஷின் கத்தியது. இவன் சிரித்தான். "மெஷினுக்குத்தான் ஏறியிருக்கு சார்" என்றான். வேறு குழாய் மாட்டச் சொல்லி மறுபடி ஊதினான். அதே எண். ஜன்னல் ஜன்னலாகப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவனுடைய மகள், ஒன்பதாம் வகுப்பு.

உரிமத்தை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். மதியத்துக்குள் பள்ளிக்கூடம் அவனை வேலையை விட்டு நிறுத்தியது. சாயங்காலத்துக்குள் அவன் ஊதுகிற படம் எல்லாப் பெற்றோர் கைப்பேசியிலும் வந்துவிட்டது. மறுநாள் மகளைப் பார்த்து வகுப்பில் நாலு பேர் கன்னத்தை உப்பிக் காட்டினார்களாம். அன்றிலிருந்து அவள் நடந்துதான் போனாள். கூட வருகிறேன் என்று செருப்பை மாட்டியவனிடம், "நீங்க வராதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவளை ஓங்கி ஓர் அறை கொடுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் செருப்பைக் கழற்றிப் பழைய இடத்தில் வைத்தான்.

வக்கீல் கெட்டிக்காரர். "அந்த மெஷினைச் சரிபார்த்த சான்றிதழ் ரெண்டு மாசம் முன்னாடியே காலாவதி. கேஸ் நிக்காது. நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும். ஒத்துக்கிட்டீங்கன்னா பிள்ளைங்க வண்டிய இந்த ஜென்மத்துல தொட முடியாது."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, மெஷின் தப்புன்னு!" என்று குதித்தான் சகலை. அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. எனக்கும் மனசு லேசானது. மெஷின் தப்பென்றால் என் கையும் சுத்தம்தானே?

வாய்தாவுக்கு முந்தின சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் ஒரு நோட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, அன்னைக்கு அப்பா எத்தனை குடிச்சாரு?"

"என்னடி கேள்வி இது? ரெண்டோ மூணோ இருக்கும்" என்று கூசாமல் புளுகினேன்.

"ஏழு" என்றான் அவன். "பெரிய பெக். எதுக்கும்மா?"

"ஒரு சின்ன பெக் கரையவே ஒரு மணி நேரம் ஆகுமாம்ப்பா. பெரிசுன்னா ரெண்டு. ஏழுக்குப் பதினாலு. ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பிச்சா காலைல ஒம்பது ஆயிடும்." நோட்டை அவன் பக்கம் திருப்பினாள். "மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு."

அவன் நோட்டை வெகுநேரம் பார்த்தான். விரல்விட்டு ஒருமுறை எண்ணினான்.

"மத்த ஞாயித்துக்கிழமை எல்லாம் எத்தனைப்பா?"

அவன் நோட்டை மூடி அவளிடமே நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளே அவன் மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். நான் வெட்கம் கெட்டுப்போய், "பழசைக் கிளறாதே, நாளைக்கு எல்லாம் சரியாயிடும்" என்றேன். என்னை யாரும் சட்டை செய்யவில்லை.

மறுநாள் நீதிமன்றத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். வக்கீல் காகிதங்களைப் பிரிக்கும் முன்பே இவன் கையைக் கட்டிக்கொண்டு, "ஒத்துக்கிறேங்கய்யா" என்றான்.

வக்கீல் அரண்டுபோனார். அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். சரி, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்று வக்கீல் சட்டென்று பேச்சை மாற்றி, "பதினோரு வருஷ சர்வீஸ்ங்கய்யா, ஒரு விபத்து இல்லை, கருணை காட்டணும்" என்றார்.

நீதிபதி நிமிர்ந்தார். "இதுதான் முதல் தடவையா?"

"ஆமாங்கய்யா" என்றார் வக்கீல்.

"மாட்டினதுதாங்கய்யா முதல் தடவை" என்றான் சகலை. "ஓட்டினது எல்லாத் திங்கக்கிழமையும். பிள்ளைங்களை வச்சுக்கிட்டு. என் பிள்ளையும் அதுல இருந்துச்சு."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்கூட நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். வக்கீல் கோப்பை மூடினார். கனரக வாகன உரிமம் ரத்து என்று தீர்ப்பு வாசித்தபோது அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றான்.

நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். ஊற்றிக் கொடுத்தது யார் என்று நீதிபதி கேட்கவில்லை. நானும் எழுந்து சொல்லவில்லை.