கொச்சிக்காய் இல்லாத சம்பல்

பெர்மாகல்ச்சர் என்ற இயற்கை விவசாய வகுப்புக்குப் போய்வந்த என் கணவர், அலுவிகாரையில் உள்ள எங்கள் தோட்டத்தில் இனி நாட்டுச் செடிகள் மட்டும்தான் என்று சொல்லி, வெளிநாட்டு மரமான கிளிரிசிடியாவை முழுக்க வெட்டிச் சாய்த்தார். அதில் படர்ந்திருந்த என் மிளகுக் கொடிகளும் குலைகளோடு மண்ணில் விழுந்தன. மிளகு நாட்டுக் கொடிதான். அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் மிளகாய் சேர்க்காமல் வெறும் தேங்காயைத் துருவி, உப்புப் போட்டு, சோற்றோடு வைத்தேன்.

"என்ன இது, சம்பல்ல கொச்சிக்காயே இல்ல?"

"கொச்சிக்காயும் வெளிநாட்டுச் செடிதாங்க. பிடுங்கிப் போட்டுட்டேன்."

தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப கொஞ்சம் மிளகாவது தட்டிப் போடு."

"வெளிய விழுந்து கிடக்கு. போய்ப் பொறுக்கிட்டு வாங்க."

பசியோடு எழுந்து போனார். அத்தனையும் இன்னும் காரம் ஏறாத பிஞ்சு என்று எனக்குத் தெரியும்.