தவிற்சொல்லில் வந்த ஆங்கிலம்

இன்று காலை மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த மாணவி ஒருத்தி, கைப்பேசி சொன்ன ஆங்கில வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சொற்கள் வரவில்லை, ஏற்ற இறக்கம் மட்டுமே வந்தது. நண்பரே, அந்த முணுமுணுப்பு என்னைக் குகனிடம் கொண்டுபோய் விட்டது.

அளவெட்டித் தவிற்காரர் வீட்டுப் பிள்ளை அவன்; ஆங்கில வகுப்பில் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவன். யுத்தம் ஓய்ந்து, கண்ணிவெடி அகற்ற வந்த வெளிநாட்டவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடிய காலம். தெல்லிப்பழையில் எங்கள் வீடு இராணுவத்தின் முட்கம்பி வேலிக்கு அப்பால் இருந்தது. அந்த வேலை கிடைத்தால் உள்ளே போகலாம். வீடு நிற்கிறதா என்று அம்மாவுக்குச் சொல்லலாம்.

இலக்கணத்தில் நான் புலி. ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் கட்டி, பிரித்து, ஆங்கிலத்தில் மறுபடி அடுக்குவேன். அதற்குள் கேட்டவருக்குக் கேள்வியே மறந்துவிடும்.

“பிழையில்லை மச்சான். ஆனா தேரிழுக்கிற மாதிரிக் கிடக்கு. அடிக்கொருக்காச் சில்லுக்குக் கட்டை வைக்கிறாய்.”

“உனக்கெங்கையடா இலக்கணம் தெரியும்?”

“தெரியாது. அடி எங்கை விழுகுதெண்டு தெரியும்.”

வானொலியின் ஆங்கிலச் செய்தியை அவன் முதலில் தவிற்சொல்லாகவே சொல்வான்: ததிங்கிண, தக, தோம். எங்கே ஓங்குகிறது, எங்கே விரைந்து ஓடுகிறது என்பது பிடிபட்ட பின்னரே சொற்களை உள்ளே விடுவான். சைக்கிளில் போகையில் கைப்பிடியில் தட்டிக்காட்டுவான்; நானும் கூடத் தட்டுவேன். தெருவில் கண்டவர் எங்களைக் கோயில் மேளக்காரர் என்றே எண்ணியிருப்பர். மூளையில் முடங்கிய மொழி விரல்வழியே ஓடியதை இன்றும் வியக்கிறேன்.

நேர்முகத்தில் வெளிநாட்டு அதிகாரி ஒருவர், உன் வீடு எங்கே என்றார். நீங்கள் துப்புரவாக்கப்போகும் காணிக்குள் என்றேன். அடுக்காமலே வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “எத்தனை அறைகள்?” என்று கேட்டார். என் ஆங்கிலத்தை அளப்பதை அவர் மறந்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலை கிடைத்தது. குகன் வெளிநாடு போனான். வெடி அகற்றிய எங்கள் நிலத்தில் ஒருநாள் அந்த அதிகாரியோடு நின்றேன். வீடு இல்லை, அத்திவாரமும் இல்லை. என்ன இருந்தது என்று கேட்டார். இதிலே விறாந்தை, அதிலே அடுப்பெரிந்த குசினி, அங்கே அம்மாவின் அறை என்று வெறுந்தரையைக் காட்டிக் காட்டி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டு முடித்தவர், வாசல் என்று நான் காட்டிய இடத்தாலேயே வெளியே போனார்.