முந்திரி உருண்டையும் செக்போஸ்ட் ஏட்டையாவும்

எழுபதுகளில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை ஓட்டினேன். நம் பக்கம் மதுவிலக்கு, மேலே கேரளத்தில் சாராயக் கடை. இறங்கி வரும் டிரைவரின் கண் லேசாகச் சிவந்திருந்தாலே செக்போஸ்டில் பிடித்துக்கொள்வார்கள்.

எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. நாக்கு இனிப்புக்குத்தான் அலையும். மேலே டீக்கடைச் சேட்டன் சனிக்கிழமைதோறும் முந்திரி உருண்டை பிடிப்பார். வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

ஒரு சனிக்கிழமை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தின்றுவிட்டேன். செக்போஸ்ட் வருவதற்குள் காது சுட்டது, மூக்கு ஒழுகியது, கண் ரத்தமாகச் சிவந்து இமை வீங்கிவிட்டது. ஏட்டையா ஊதச் சொன்னார். ஊதினேன்.

"ஏலக்கா வாசம்ல அடிக்குது. சாராய வாடைய மறைக்க மென்னு தின்னியாக்கும்?"

"உருண்டையில போட்ட ஏலக்கா ஏட்டையா."

"உருண்டை தின்னா கண்ணு இப்படிச் செவக்குமா? எறங்குடா."

வேறொரு டிரைவர் வண்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து மலை இறங்கினேன். தகவல் தெரிந்து போடியில் முதலாளி காத்திருந்தார். "சாவிய வச்சுட்டுப் போ. இத்தன உசுர ஏத்திட்டுப் போற வண்டி இது."

என் வண்டியில் ஏலக்காய் எடுக்கப் போய்வரும் பேச்சியக்கா குறுக்கே வந்தாள். "எங்க உசுரத்தான சொல்றீக? அவன் குடிக்கல. திங்கக்கிழம உங்க கண்ணு முன்னால உருண்டையத் திங்கச் சொல்லிப் பாருங்க."

திங்கட்கிழமை ஷெட்டில் கூட்டம் கூடிவிட்டது. பேச்சியக்கா பிள்ளைகளுக்குச் சேட்டன் கடையில் வாங்கி வைத்திருந்த உருண்டைப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்று தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி சாவியைப் பைக்குள் போட்டார். வேலை போய்விட்டதென்றே நினைத்தேன்.

"இன்னொண்ணு கொண்டா அக்கா" என்றேன். அடுத்தடுத்து விழுங்கினேன். வேண்டாத சாமியில்லை. கொஞ்ச நேரத்தில் காது சுட ஆரம்பித்தது. வாழ்க்கையில் அப்படி நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

"செவந்துருச்சு, மூஞ்சி வீங்கிருச்சு" என்று பெண்கள் கும்மி கொட்டாத குறைதான். முதலாளியும் சிரித்துவிட்டார். ஆனால் வீங்கிய கண்ணோடு எப்படி ஓட்டுவது? அன்று அவரே ஓட்டினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எல்லோரும் குலதெய்வத்தைக் கூப்பிட்டார்கள்.

பல வருஷம் கழித்துத்தான் ஒரு டாக்டர், முந்திரி அளவு மீறினால் உடம்பில் கூடும் ஹிஸ்டமின் என்ற சங்கதி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார். இளம் டிரைவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உடம்புக்கு ஆகாததை வண்டி எடுக்கும் நாளில் தொடாதீர்கள். அதோடு, பின் சீட்டில் இருப்பவர்களிடம் நல்லபடியாக நடந்துகொள்ளுங்கள். முதலாளி ஓட்டிய அன்று போடிமெட்டில் இறங்கியதும் பேச்சியக்கா முதலாளியிடம் சொன்னாள்:

"நாளைக்கு இவனையே அனுப்புங்க மொதலாளி. குடிச்சிருந்தாலும் பரவாயில்ல."