எங்களைப் பேச வைத்த ஃப்ளோரன்ஸ்

ஃப்ளோரன்ஸ் அக்காவுக்கு ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை. புனேயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூப்பிடுகிறவர்களுக்கு வீடியோவில் புடவையை விரித்துக் காட்டி, கரை எவ்வளவு அகலம், முந்தானை என்ன நிறம் என்று ஆங்கிலத்தில் சொல்வார். அதற்கு முன்னால் சென்னையில் ஒரு கால் சென்டரில் இருந்தார். அப்பா இருதயசாமி படுத்த படுக்கையானதும் ஊருக்கு வந்தவர், அப்பா போன பிறகும் திரும்பிப் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி பிலிப்பின் வீட்டு மாடியில் ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, மாதா படம்.

எங்கள் வாட்ஸப் குழுவை அவர் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தவர் ஜெயச்சந்திரன், அரிசி ஆலையில் கணக்கு பார்ப்பவர். ஊரில் ஆங்கிலம் பேசிப் பழக ஆசைப்பட்டவர்களை எல்லாம் அவர்தான் சேர்த்தார். தறி ஓட்டுகிறவர்கள், மருந்துக் கடையில் நிற்கிறவர்கள், சேத்துப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து வேலை பார்க்கிறவர்கள், என்னைப் போலப் படித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள். ஆனால் யாரும் பேசவில்லை. காலையில் ரோஜாப்பூவும் டீக்கோப்பையும் போட்ட குட்மார்னிங் படங்கள் வரும். மதியம் ஜெயச்சந்திரன் ஓர் இலக்கணப் பாடம் அனுப்புவார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு எல்லோரும் போய்விடுவோம்.

ஜெயச்சந்திரன் கேட்டுக்கொண்டதன் பேரில் குழுவில் சேர்ந்த அக்கா, அந்த வாரத்திலேயே ஒரு குரல் பதிவு அனுப்பினார். கடைக்கு வந்த ஓர் அம்மா அலமாரியில் இருந்த புடவைகளை எல்லாம் பிரிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் பாத்ரூம் எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போன கதை. எளிய ஆங்கிலம், சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்கள் நாள் எப்படிப் போனது?" என்று கேட்டு முடித்திருந்தார். எல்லோரும் கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் ஜெயச்சந்திரனைக் கூப்பிட்டார்.

"இன்னாண்ணா, உங்க ஆளுங்க பேசவே மாட்டாங்களா?"

"பேசுவாங்கம்மா. மொதல்ல கிராமர் வரட்டும்."

"கிராமர் வந்தப்புறம்தான் பேசணும்னா நீங்களும் நானும் இன்னும் தமிழே பேசியிருக்க மாட்டோம்ணா."

மறுநாளும் அனுப்பினார். அதற்கு மறுநாளும். பதில் வராத கேள்வியை வைத்துக்கொண்டு தினமும் வந்து நிற்க எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

முதலில் பதில் சொன்னது சுபலட்சுமி. கணவர் வீரபாகுவோடு சேர்ந்து வீட்டிலேயே தறி நெய்பவர். மகனின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆங்கிலத்தில் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவது பொறுக்காமல் குழுவில் சேர்ந்தவர். பின்னால் தறிச்சத்தம் கேட்க, மூச்சு வாங்க, "ஐ ஆம் சுபலட்சுமி. ஐ வீவிங். ஹஸ்பண்ட் நேம் வீரபாகு. தேங்க்யூ" என்று சொல்லியிருந்தார்.

அக்கா திருத்தவில்லை. இப்போது தறியில் என்ன நிறம் ஓடுகிறது என்று கேட்டார்.

"க்ரீன். பேரட் க்ரீன்."

யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்டார்.

"ஐ டோன்ட் நோ. நாட் மீ."

அன்றைக்குத்தான் குழு முதல்முறை சிரித்தது. அதைக் கேட்டுவிட்டு இன்னும் நாலைந்து பேர் பேசினார்கள். பவர்லூம் வைத்திருக்கும் பாலமுருகன் மட்டும், "இது இங்கிலீஷா, இங்கிலீஷுக்கு வந்த ஜுரமா?" என்று தட்டிவிட்டார். அக்கா தமிழிலேயே பதில் அனுப்பினார்: "பாலமுருகன், எழுத்து ஜோரா கீது. வாயால சொல்லுங்க, ஜுரம் யாருக்குன்னு பாத்துடலாம்." ஒரு வாரம் எல்லோரும் கிண்டல் செய்து பேஜார் பண்ணிய பிறகு, கரண்ட் போய் தறி நின்ற ஒரு மத்தியானம் பாலமுருகனும் பேசினார். மின்சார வாரியத்தைத் திட்டி அவர் பேசிய ஆங்கிலத்தில் வினைச்சொல்லே இல்லை. ஆனால் கோபம் முழுசாகப் புரிந்தது.

அக்கா வைத்த ஒழுங்கு ஒன்றுதான். யாருடைய குரலும் பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது. பதில் ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். தவறுகளைத் திருத்தித் தனியாக அனுப்புவார், அதுவும் கேட்டால் மட்டும். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தான் பேசியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் மறுபடி வேலையைப் பார்க்கப் போவார்கள் என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை.

சுபலட்சுமியின் மாமியார் கமலத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"யாருகிட்டடி போன்ல பேசிகினு கீறே?"

"இங்கிலீஷ் அத்தே."

"ஆம்பள குரல் கேக்குதே?"

"அதுவும் இங்கிலீஷ்தான் அத்தே."

இதையும் சுபலட்சுமி அன்று மாலையே ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார்.

இப்படியே இரண்டு வருடம் போலப் போனது. பிறகு அக்காவின் குரல் கரகரத்தது. ஐஸ் தண்ணீர் குடித்தீர்களா என்று கேலி செய்தோம். கழுத்தில் ஒரு கட்டி இருந்ததும், அது தெரியாமல் அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டதும் கடையில் இருந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, தைராய்டில் கட்டி, எடுத்தே ஆக வேண்டும், குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று சொன்னார்கள்.

"குரல் போச்சுன்னா என்னை எதுக்குடா வெச்சிப்பாங்க?" என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது பிலிப்பிடம் கேட்டாராம்.

"மொதல்ல உயிருக்கா. மத்தது அப்புறம்."

எங்களிடம் ஆபரேஷன் என்று சொல்லவில்லை. சில நாள் வேலூரில் இருப்பேன், அங்கே எனக்குப் பொழுது போகாது, நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன் என்று ஒரு பதிவு அனுப்பினார். பயணத்துக்கு ஒரு புது இயர்போனும் வாங்கிக்கொண்டார். உடனே பேச்சு களைகட்டியது. ஒருவர் மாமியார் வீட்டு விருந்தைச் சொன்னார், இன்னொருவர் நாய் துரத்தியதைச் சொன்னார்.

ஆபரேஷன் அன்று காலையில் பிலிப் அக்காவின் போனிலிருந்து குழுவில் எழுதினார்: "அக்காவை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் பெரிய ஆபரேஷன். எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்."

கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. அப்புறம் யாரோ ஒருவர், அக்கா அப்படிக் கிடக்கும்போது நாம் நாய்க்கதை பேசிக்கொண்டிருந்தோமே என்று எழுதினார். எல்லோருக்கும் சுருக்கென்றது.

நெசவுத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஓர் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் அக்கம்பக்கத்துத் தறிகளை நிறுத்திவிடுவார்கள். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. கூலி போனாலும் பரவாயில்லை என்று பலகையிலிருந்து எழுந்துவிடுவார்கள். குழுவில் பாதிப் பேர் அந்தத் தெருக்காரர்கள். ஜெயச்சந்திரனும் அங்கே பிறந்தவர்தான். அவர் அன்றே குழுவில் அட்மின்கள் மட்டும் பேச முடிகிற மாதிரி மாற்றிவைத்தார். அக்கா வீடு திரும்பும்வரை அமைதி காப்போம் என்று எழுதினார். அது சரிதான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அக்காவின் வீட்டு வழக்கம் வேறு. இருதயசாமி படுத்திருந்த மாதங்களில் தினமும் சாயங்காலம் மாதா கோவில் தெருக்காரர்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாக ஜெபமாலை சொல்வார்கள், பாட்டுப் பாடுவார்கள், முடிந்த பிறகு ஊர்க்கதை பேசுவார்கள். நோயாளி இருக்கும் வீட்டில் சத்தம் இல்லை என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்ததும் அக்கா சைகையில் போனைக் கேட்டார். பிலிப் இயர்போனை மாட்டிவிட்டார். அவர் குழுவைத் திறந்து, எழுத்தைப் படிக்காமல் குரல் பதிவுகளை மட்டும் தேடி விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு தட்டிக் காட்டினார்: நெட் இல்லையா?

"நெட் கீதுக்கா. அவங்கதான் மூடி வெச்சிக்கீறாங்க. மரியாதைக்கு."

நான் செத்துப்போயிட்டேன்னு சொன்னியா, என்று தட்டினார். பிலிப் கோபப்பட்டார். அக்காவும் ஓர் அட்மின்தான். ஒரு விரலால் குழுவைத் திறந்துவிட முடியும். திறக்கவில்லை. தானாகத் திறந்துவைத்து, என்னோடு பேசுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது என்று பிற்பாடு பிலிப்பிடம் எழுதிக் காட்டினாராம். வேலூரில் இருந்த நாளெல்லாம் இயர்போன் காதில் இருந்தது. அதில் ஒன்றும் கேட்கவில்லை.

கட்டியோடு நரம்பும் போய்விட்டது. வீட்டுக்கு வந்தபோது அவருக்கு மிஞ்சியது காற்று மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தால்தான் சொல் புரியும். கடை முதலாளி நல்லவர், வேலையைவிட்டு அனுப்பவில்லை. போனுக்கு வேறொரு பெண்ணை வைத்துவிட்டு, பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கும் வேலையை அக்காவுக்குக் கொடுத்தார்.

குழு திறந்தது. அக்கா கேள்விகளைத் தட்டச்சு செய்து அனுப்பினார். என்ன சமைத்தீர்கள், யாரோடு சண்டை போட்டீர்கள் என்று பழைய மாதிரியே. "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று எழுத்தில் பதில் வந்தது. குரல் ஒன்றும் வரவில்லை. ரோஜாப்பூக்கள் மறுபடி வர ஆரம்பித்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர் ஒரு குரல் பதிவு அனுப்பினார். போனை உதட்டில் ஒட்டிவைத்துப் பேசியிருக்க வேண்டும். காற்று, நடுவில் ஒரு சொல், மறுபடி காற்று. இப்போது என் குரல் இப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள், இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன விசேஷம், என்று கேட்டிருந்தார். அந்தப் பதிவை எல்லோரும் கேட்டுவிட்டோம் என்பது அவருக்குத் திரையில் தெரிந்திருக்கும். நானும் கேட்டேன். பதில் சொல்லப் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். அன்று யாரும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

சுபலட்சுமிதான் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு நேரில் போனார். அங்கே நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

"ஏன் யாரும் பேசல?" என்று அக்கா கேட்டாராம்.

"எப்டிக்கா பேசுறது? பசியோட கீறவங்க எதிர்ல குந்திகினு சாப்புடற மாதிரி கீது."

"எனக்குத்தான் காது கேக்குதே."

"தெரியுதுக்கா. நாலு வாட்டி பேசினேன், நாலையும் அழிச்சிட்டேன். வாய் வர மாட்டேங்குது."

அக்கா கொய்யாப்பழத்தை நறுக்கி ஒரு துண்டை அவருக்குக் கொடுத்தார். "நான் இல்லன்னா பேசுவீங்களா?" என்றார்.

"ஐயோ, இன்னா பேச்சுக்கா இது!"

"சாவச் சொல்லல. குரூப்ல."

சுபலட்சுமிக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. கையில் இருந்த பழத்துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாராம்.

அந்த வாரமே அக்கா சுபலட்சுமியை அட்மின் ஆக்கினார். பிறகு குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் வந்தது: ஃப்ளோரன்ஸ் வெளியேறினார்.

ஜெயச்சந்திரன் பதறிப்போய் வீட்டுக்கு ஓடினார். "தப்பு எம்மேலதான்மா. நான்தான் மூடினேன். இப்பவே உன்னைத் திரும்பச் சேத்துடறேன்." அக்கா தலையாட்டி மறுத்தார். போனில் தட்டி அவரிடம் நீட்டினார்: "கொஞ்ச நாள் சேக்காதீங்கண்ணா. அப்புறம் உங்களுக்கே சேக்கணும்னு தோணாது."

"அப்படி எல்லாம் ஆவாதும்மா," என்றார் ஜெயச்சந்திரன். கீழே இறங்கி வந்து பிலிப்பின் மனைவி கொடுத்த காபியைக் குடிக்காமலே போனார்.

இரண்டு நாள் கழித்து சுபலட்சுமி பேசினார். அக்கா போய்விட்டார், எனக்கு அவமானமாக இருக்கிறது என்று உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி அழுதார். அழுகையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் பாலமுருகன் ஏதோ கேட்டார். அதற்கு அவர் பதில் சொன்னார். வேறொருவர் நடுவில் வந்தார். நானும் பேசினேன். எங்களுக்கு வாய் வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது குழுவில் புதியவர்கள் நிறைய. வெம்பாக்கத்திலிருந்துகூட இருக்கிறார்கள். பேசினால் யாராவது கேள்வி கேட்கிறார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. ஜெயச்சந்திரன் கொஞ்ச நாள், அக்காவைச் சேர்க்கலாமா என்று எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சேர்த்தால் மறுபடி நின்றுவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

சென்ற மாதம் சுபலட்சுமி ஒரு வேலையாக அந்தக் கடைக்குப் போனார். மகனின் டீச்சரோடு பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசியதை அன்று குழுவில் சொல்லியிருந்தார், அதை அக்காவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அக்கா தரையில் விரித்த வெள்ளைத் துணியில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தார். சுபலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து போனை அவர் காதருகே கொண்டுபோனார்.

அக்கா அவர் கையை மெல்லத் தள்ளினார்.

"வேணாம் சுபா. கேட்டா எதனா கேக்கத் தோணும்."

கவுண்டரில் புதுப் பெண் யாருக்கோ வீடியோவில் நீலப்புடவை ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தாள். காட்டி முடித்ததும் அதைச் சுருட்டி இந்தப் பக்கம் போட்டாள். அக்கா எழுந்து அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் சுபலட்சுமியிடம் நீட்டினார். இருவரும் சேர்ந்து அதை மடித்தார்கள்.