ஹம்மில் ஒரு பிரெஞ்சு நடனம்

ஜெர்மனியின் ஹம் நகரில் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் பிரெஞ்சு நாட்டுப்புற நடனம் நடக்கிறது. மண்டபத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர்கூட இல்லை. அக்கார்டியன் வாசிப்பவர் வரி அலுவலகத்தில் வேலை செய்கிறவர். படிவத்தில் பிழை கண்டுபிடித்த முகத்தோடுதான் வாசிப்பார். ஆடுகிறவர்கள், தங்களைப் பிரெஞ்சுக் கிராமத்துக் குடியானவர்கள் என்று நம்பிக்கொள்ளும் ஆசிரியர்களும் பல் வைத்தியர்களும். வியர்வைக்கு மாற்றுச் சட்டையும் துவாயும் கொண்டு வருவார்கள். மசூர்க்கா என்ற ஆட்டம் தொடங்கினால் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இசை நின்ற பிறகும் சிலர் திறப்பதில்லை. தட்டி எழுப்பலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

இந்த வில்லங்கத்தைக் கொண்டுவந்தவள் என் மனைவி. முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்யும் ஜெர்மன் பெண் ஒருத்தி அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதிலிருந்து ஒரு வருடமாக என் மனைவி குசினியில் சோறு வேகும்போதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கால் வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஓயாமல் நக்கலடித்தேன். அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"கலியாணம் கட்டி இருவத்தஞ்சு வருசம். ஒருக்கா என்னோட ஆட வாங்கோவன்."

அதற்கு நக்கல் வரவில்லை. ஓம் என்றேன்.

மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் நம்மவர் கலியாண வீட்டுக் கணக்கில் சாவகாசமாகச் சவரம் செய்து, கோட்டும் டையுமாக அவளை நான்கரைக்குக் கொண்டுபோய் இறக்கினேன். புதியவர்களுக்கு அடி சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நான்கு மணிக்கே முடிந்திருந்தது. பிரெஞ்சு நடனம் என்றாலும் நடத்துகிறவர் ஜெர்மன்காரர்தானே. அவள் கோபிக்கவில்லை. வட்ட ஆட்டம் ஒன்று வரும், அது சுலபம், அதில் சேருங்கள் என்றாள்.

அதில் ஆண் பெண்ணின் இடுப்பைப் பிடித்துச் சுழல வேண்டும். இசை முதலிலிருந்து திரும்பியதும் பெண் அடுத்த ஆணிடம் போய்விடுவாள். வட்டத்தில் மனைவி நாலைந்து ஆள் தள்ளி நின்றாள். எப்படியும் உங்களிடம் சுற்றி வருவேன் என்று கையால் காட்டினாள்.

நான் ஒரு ஆசிரியையின் இடுப்பைப் பிடித்தேன். ஒரு பெண் பல் வைத்தியரைப் பிடித்தேன். என் இடது கால் எது என்று எனக்கே சொல்லித்தந்த ஒரு முதிய பெண்ணையும் பிடித்தேன். கூச்சமே இல்லை. இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அவள் வந்தாள். மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். என் கை பாதியில் நின்றுவிட்டது. தலை தானாகக் கதவுப் பக்கம் திரும்பி, யார் பார்க்கிறார்கள் என்று தேடியது. இத்தனை வருடத்தில் நாலு பேர் முன்னால் நான் அவள் விரலைக்கூடத் தொட்டதில்லை. கோயிலில் அவள் பெண்கள் பக்கம். கலியாண மண்டபத்தில் நான் ஆண்களோடு கார் நிற்கும் இடத்தில்.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"இஞ்ச தமிழாக்கள் ஒருத்தரும் இல்லையப்பா. பிடியுங்கோ."

வெட்கமாக இருந்தது. கையைத் தூக்கினேன். அதற்குள் இசை திரும்பிவிட்டது. அவள் ஒழுங்குப்படி நகர்ந்தாள். அடுத்து நின்ற நெட்டையன் தயங்காமல் அவளைச் சுழற்றினான். என் முன்னால் சிவப்புப் பாவாடை கட்டிய யாரோ ஒருத்தி வந்து நின்றாள். அவள் இடுப்பை நான் உடனே பிடித்துவிட்டேன்.