அப்பாவின் குரலுக்கு ஓர் இடம்

அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று சேலத்து மருத்துவமனையில் டாக்டர் சொன்ன அன்று, நாங்கள் உயிரைப் பற்றி மட்டும்தான் கேட்டோம். உயிருக்குப் பயமில்லை என்றதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்த பிறகு ஒரு நர்ஸ்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதுக்குள்ள அவரப் பேச வெச்சு ஃபோன்ல புடிச்சு வெச்சுக்குங்க. பின்னாடி தேடுவீங்க," என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டமும் வீடும். சாதாரண நாளில் வாய் ஓயாத மனுஷன், நான் ஃபோனை நீட்டியதும் போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டார்.

"என்னன்னு சாமி பேசறது?"

"தம்பிகிட்ட தினமும் என்ன கேப்பீங்களோ அதையே கேளுங்கப்பா."

என் தம்பி ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்கிறான். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பிய வண்டி சத்தீஸ்கர் பக்கம் ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டிருக்கும். பல மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவான். காலையில் அவன் ஃபோன் செய்தால் அப்பாவிடமிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான். அதையே அன்றும் கேட்டார். "சாப்டயா சாமி?" பிறகு கூச்சம் விட்டுப் போய், கரண்ட் வரும் நேரத்தைத் திட்டினார், மாட்டை அதட்டினார், "ஏ புள்ள, மோட்டார நிறுத்துனயா இல்லயா?" என்று அம்மாவை விரட்டினார். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டேன்.

பிடித்ததை எங்கே வைப்பது என்பதில் ஆரம்பித்தது வம்பு. என் ஃபோன் முழுக்க நான் வேலை பார்க்கும் முட்டைப் பண்ணை அலுவலகத்தின் லோடு படங்கள். மெசேஜில் அனுப்பினால் தம்பியின் ஃபோனில் இடமில்லை என்று வரும். டவர் கிடைத்து அவன் திறப்பதற்குள் கோப்பு காலாவதியாகிவிடும். சரி, இணையத்தில் சேமித்து எல்லோரும் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்குமே என்று தேடினேன். எனக்கு வேண்டியது மிகச் சின்ன விஷயம். அம்மா ஒரே ஒரு தடவை தொட்டால் அப்பா பேச வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு சேவை கணக்குத் தொடங்கச் சொன்னது. தம்பியின் கணக்குக்கு வரவேண்டிய ஓடிபி, அவன் எப்போதோ தூக்கிப் போட்ட சிம்முக்குப் போனது. இன்னொன்று ஒரு வாரத்தில் லிங்க்கைச் சாகடித்துவிட்டது. மற்றொன்றில் அப்பா பேசுவதற்கு முன்னால் எவனோ கடன் வேண்டுமா என்று கேட்டான். அம்மா அவனுக்கு, "வேண்டாமுங்க," என்று மரியாதையாகப் பதில் சொன்னதைப் பார்த்து அதையும் விட்டேன். கடைசியில் ஒன்று அமைந்தது. கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். லிங்க்கைத் தொட்டால் பெட்டி திறக்கும். யாரும் போடலாம், யாரும் எடுக்கலாம், யாரும் நீக்கலாம். எங்கள் பொதுக் கிணற்றில்கூட முறை வைத்துத்தான் தண்ணீர் இறைப்போம். இதில் அந்த முறையும் கிடையாது. நம் வீட்டு ஆட்கள்தானே என்று தைரியமாக எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, என் ஃபோனில் இருந்ததை நீக்கினேன்.

ஆபரேஷனுக்குத் தம்பி வந்திருந்தான். அப்பா கண் விழித்து, பழக்கத்தில் வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. நன்றாகப் பழகினால் ஏதோ ஒரு விதமான குரல் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம் என்று டாக்டர் சொன்னார். வரலாம் என்ற சொல்லை நான் நம்பவில்லை. தம்பி எதுவும் கேட்காமல் தலையாட்டிவிட்டு வண்டிக்குத் திரும்பிப் போனான்.

அதன் பிறகு அம்மா மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதெல்லாம் ஃபோனைத் தொட்டு அப்பாவின் அதட்டலைப் போடுவார். மாடு காதைத் திருப்பும். அப்பா கட்டிலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரிப்பார். எனக்கு அந்த வீடு பழையபடி ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் நாமக்கல்லில் நான் வேலை முடித்துக் கிளம்பும்போது அம்மா கூப்பிட்டார். "கண்ணு, உங்கப்பன் பேசறதக் காணமே. பொட்டி தொறக்குது, உள்ள ஒண்ணுமே இல்ல."

திறந்து பார்த்தேன். காலி. 'நீக்கியவர்' என்ற இடத்தில் தம்பி ஃபோனின் பெயர். நீக்கியதைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று மூலை முடுக்கெல்லாம் துழாவினேன். குப்பைத்தொட்டிகூட இல்லாத எளிமை அது! எளிமை எளிமை என்று தேடி அலைந்தவள் நான்தானே. தம்பியைக் கூப்பிட்டால் டவர் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் அவனே கூப்பிட்டான். நான் ஹலோகூடச் சொல்லவில்லை.

"அறிவிருக்காடா உனக்கு? அப்பா பேசுனத எல்லாம் அழிச்சுட்டு உக்காந்திருக்கற!"

"ஏனுங்க்கா இப்படிக் கத்தறீங்க? எல்லாத்தையும் எப்பவோ கார்டுல ஏத்திட்டேனுங்க. அதானுங்க இப்ப அழிச்சேன்."

"எதுக்கு அழிச்ச?"

அவன் நிதானமாகச் சொன்னான். போர் போட்டுத் தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் வீடியோ எடுத்து, மேனேஜர் பார்க்கிற மாதிரி இப்படித்தான் ஒரு பெட்டியில் போடுவார்களாம். அவர் பார்த்ததும் மெமரி கார்டில் ஏற்றிவிட்டு, பெட்டியைக் காலி செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த போரின் வீடியோ ஏறாது. ரிக் வண்டியில் அதுதான் வழக்கம்.

"இதுல அடுத்தது என்னடா ஏறப்போவுது?" என்றேன். கோபம் இன்னும் இருந்தது.

"டாக்டரு சொன்னாருல்லீங்க்கா, பழகுனா கொரல் வரும்னு. வந்தா வெக்கறதுக்கு எடம் வேணுமில்லீங்க."

டாக்டர் சொன்னதை அவன் மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு போயிருந்தான். அவன் மேல் அத்தனை பாசம் பொங்கியது.

"அப்பா பக்கத்துல இருக்கறாருங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க," என்றான். கட்டிலில் அப்பாவின் பக்கத்தில் ஃபோனை வைத்தேன். அம்மாவும் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். அங்கே லாரிக் கதவு திறக்கும் சத்தம். கேபினில் இருக்கும் பாட்டுப் பெட்டியில் தம்பி கார்டைச் செருகியிருக்க வேண்டும். பிறகு அப்பாவின் குரல், இங்கே கேட்டதைவிடப் பெரிதாக, "சாப்டயா சாமி?" என்றது.

உடனே அங்கே நாலைந்து பேர் சேர்ந்து, "சாப்டமுங்க!" என்று கத்தினார்கள். அதில் பாதிப் பேர் தமிழே தெரியாத வடநாட்டுப் பையன்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். தினமும் காலையில் டீ குடிக்கும்போது இதைப் போடாவிட்டால் அவர்களே கேட்டுப் போடச் சொல்கிறார்களாம்.

அப்பா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஃபோன் பேசி முடித்ததும் என் கையைப் பிடித்து, ஃபோனைக் காட்டி, தன் வாயைக் காட்டினார். முதலில் எனக்குப் புரியவில்லை. அம்மாதான், "புடிக்கச் சொல்றாரு கண்ணு," என்றார்.

அன்று போலவே ஃபோனை நீட்டினேன். இந்த முறை அவர் விறைக்கவில்லை. உதட்டை மெதுவாக அசைத்தார். ஒரு கரகரப்பு, கொஞ்சம் காற்று. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முயன்றார். அதேதான். போதும் என்று தலையாட்டினார். காலியாகக் கிடந்த பெட்டியில் அதை ஏற்றினேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் வெறுமனே விட்டுவிட்டேன்.

மத்தியானம் தம்பியிடமிருந்து ஒரு குரல் பதிவு அதே பெட்டிக்கு வந்தது. பின்னால் ரிக் ஓடும் இரைச்சல். அதற்கு மேலாகச் சத்தம் போட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தான்.

"சாப்டனுங்கப்பா."